சஹாராவில் மாமாவின் திவசம்

லண்டன் காகத்தின் கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. அலகு முதல் வால் வரை ஒரே கறுப்பு. லண்டனின் மனோர் பார்க் பகுதிக்கு வாழ வந்த புதிதில், பின்வளவில் நின்ற ஒன்றைப் பார்த்து, இது காகம் இல்லை, வேறேதோ பறவை என்றுதான் நினைத்தேன். குணமும் காகத்தின் குணமாக இல்லை. ஊரில் "கா" என்று வாயைத் திறக்க முதலே மதிலில் நாலு வந்து நிற்கும். குசினிக்குள் தலையை நீட்டி, இன்றைக்கு என்ன கறி என்று பார்க்கும். இங்குள்ளது கூப்பிட்டால் திரும்பியும் பாராது. முன்பின் தெரியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று யாரோ சொல்லி வளர்த்ததுபோலப் பத்தடி தள்ளி நின்று யோசிக்கும். அதற்குள் நரி வந்துவிடும், அடுத்த தெருப் பூனையும் வந்துவிடும்.

காகத்தோடு எங்களுக்கு என்ன வழக்கு என்று கேட்பீர்கள். என் கணவர் நேசன் லண்டனில் பஸ் ஓட்டுகிறார். அவருடைய அப்பா, என் மாமா, சாவகச்சேரியில் லொறி ஓட்டியவர். வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவார். வழியில் எத்தனை இராணுவச் செக்பொயின்ற் இருந்தாலும், எத்தனை தரம் மூட்டைகளை இறக்கி ஏற்றச் சொன்னாலும், சாப்பாட்டு நேரத்திற்கு மனுசன் வீட்டில் நிற்பார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டால் கண்டி வீதியில் லொறி வேகம் எடுக்குமாம். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் கலியாணத்திற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்.

அப்போது நேசனிடம் விசா இல்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டு மேலறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருமா என்று பார்த்திருந்த காலம். அவருடைய பெரியண்ணை ஊரிலிருந்து போனில் சாவைச் சொன்ன அன்று, விமான நிலையத்திற்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம்தான். போனால் திரும்பி வரமுடியாது. அங்கே இறங்கினாலும் வீடு போய்ச் சேர்வது நிச்சயமில்லை. கொள்ளி வைத்தது பெரியண்ணை. நேசன் போனைக் காதில் வைத்துக்கொண்டு செத்தவீட்டுச் சத்தத்தைக் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வருடத் திவசத்திற்கு அந்த அறையின் யன்னல் விளிம்பில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, தண்ணீரும் குடிக்காமல் காலையிலிருந்து காத்திருந்தாராம். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு காகம் வந்தது. அது தின்ற பிறகுதான் அவர் சாப்பிட்டார். "அண்டைக்குத்தான் அப்பா செத்ததை நான் நம்பினனான். அண்டைக்குத்தான் அவர் என்னட்டை வந்தவரும்" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். அதன்பிறகு ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

பக்கத்து வீட்டு டோரீன் எழுபதைத் தாண்டியவர், தனியே இருப்பவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதன் ஷெட்டுக் கூரையில் சோறு வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் "கா, கா" என்று கத்துவதைக் கண்டு, எலி வரும் என்று சொல்ல வேலிக்கு வந்தார். நேசன் தன்னிடமிருந்த ஆங்கிலத்தில் சுருக்கமாக விளக்கினார்: என் அப்பா வருகிறார், மத்தியானச் சாப்பாட்டுக்கு, வருடத்தில் ஒருநாள். டோரீனின் முகம் மலர்ந்துவிட்டது. பின்னேரம் ஒரு கேக்கோடு வந்து கதவைத் தட்டினார், அப்பாவைப் பார்க்க. நான் அவரை இருத்தி, சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டி, விஷயத்தை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. கேக்கை நாங்களே சாப்பிட்டோம். அன்றிலிருந்து அந்தக் காகம் டோரீனுக்கு "யுவர் டாட்". நேசன் ஷிப்டுக்குப் போகும்போது பாண்துண்டு போட்டுப் போட்டு அதுவும் தினமும் வரப் பழகிவிட்டது. உன் அப்பா இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார் என்று டோரீன் வேலிக்கு மேலால் சொல்லுவார். எலிக் கதை பிறகு எழவில்லை.

இனிப் பாலைவனத்துக்கு வருகிறேன். போகவேண்டும் என்று நின்றது எங்கள் சின்னவள் ஆரணி. ஒன்பது வயது. நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, பாலைவனத்தில் பத்து மிருகங்களைக் கண்ணால் கண்டு கொப்பியில் எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டாள். பெரியவள் மயூரிக்குப் பதினாலு. போனில் சிக்னல் கிடைக்கும் எந்த நாடும் அவளுக்குச் சம்மதம். நேசனுக்கு லீவு வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வைக்கவேண்டும். ஐப்பசியில் வரும் பள்ளிக்கூட அரைத்தவணை லீவில் ஒரு வாரம் மொரோக்கோ என்று நான்தான் எல்லாவற்றையும் பதிந்தேன். பதிய முதல் மாமாவின் திதி எப்போது என்று குசினிக் கதவில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். லீவு முடிந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான். நல்லது என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒரு பல் மருத்துவரின் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். நாள் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் எங்கள் குசினிக் கதவில் இரண்டு கலண்டர்கள் தொங்குகின்றன. பலசரக்குக் கடையில் வருடாவருடம் தருவார்கள். இந்த வருடத்தது ஒன்று, போன வருடத்தது ஒன்று. போன வருடத்தில் இருப்பது முருகன் படம். முருகனை எப்படி ரீசைக்கிளிங் தொட்டிக்குள் போடுவது? லண்டனில் இருக்கும் தமிழர் வீடுகளில் கதவுக்குப் பின்னால் பாருங்கள், பழைய கலண்டர்களில் தெய்வங்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பார்த்தது முருகனை. திதியோ சந்திரனோடு நகர்கிறது. போன வருடத் தேதிக்கு இந்த வருடம் வருவதில்லை.

மராக்கேஷ் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது சாவகச்சேரியிலிருந்து பெரியண்ணையின் அழைப்பு வந்தது. "தம்பி, வாற செவ்வாய் அப்பாவின்ர திவசம். மறந்துபோடாதை" என்றார். செவ்வாய்க்கிழமை நாங்கள் மெர்சுகா என்ற ஊரைத் தாண்டி, சஹாராவின் நடு மணலில், கூடாரத்தில் நிற்கவேண்டிய நாள். நேசன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சரிக்கட்டியிருப்பேன். அவர் "சரி, என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு முட்டையைத் தட்டோடு தள்ளி வைத்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"இஞ்சேருங்கோ, பேசாமல் லண்டனுக்குத் திரும்புவமோ?"

"பிள்ளையின்ர பத்து மிருகம் என்னாகிறது? விசர்க் கதை கதையாதையும்."

"அப்ப நான் அங்கை சமைக்கிறன். காகத்தைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ. அது என்ர பொறுப்பு."

சொல்லிவிட்டேன். சஹாராவில் காகம் உண்டோ இல்லையோ என்று எனக்கென்ன தெரியும்? வாய் முந்தியது.

எங்கள் வழிகாட்டியின் பெயர் மோஹா. நாற்பது வயது இருக்கும். பாலைவனத்திலேயே பிறந்தவர். எங்களைக் கண்டதும் இந்தியாவா என்று கேட்டு ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியைப் பாடினார். ஸ்ரீலங்கா என்றார் நேசன். லண்டன் என்றாள் மயூரி. யாழ்ப்பாணம் என்றேன் நான். நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று மோஹா மெல்லக் கேட்டார்.

ஒட்டகங்களில் ஏறி மணலுக்குள் போனோம். ஒட்டகம் எழும்புகிற விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும். நாங்கள் முன்னால் கவிழப் போவோம். முருகா என்று கத்தி முடிப்பதற்குள் முன்னங்கால்களை நிமிர்த்தும். பின்னால் விழப் போவோம். டபிள் டெக்கர் ஓட்டுகிற நேசன் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மணலைப் பற்றி எழுத எனக்குச் சொல் போதாது. மஞ்சள் என்று சொல்ல வாய் எடுத்தால் சிவப்பாகிவிடும், அடுத்த மேட்டில் ஏறினால் ரோசா நிறம். பாதத்தின் கீழே ஒரு சூடு, அரை அடி தோண்டினால் ஒரு குளிர்.

எனக்கும் நேசனுக்கும் மணல் என்றால் ஒருகாலம் மணல்மூட்டை. பள்ளிக்கூட யன்னலில் மணல்மூட்டை, சந்தியில் மணல்மூட்டை, வீட்டுப் பங்கருக்கு மேல் மணல்மூட்டை. உரப்பைகளில் மணல் அள்ளிய கைகள்தான் எங்களுடையவை. எங்கள் பிள்ளைகளோ அந்த மேட்டின் உச்சியில் இருந்து அடிவரை உருண்டு, வாயெல்லாம் மணலோடு எழும்பி, மறுபடியும் ஏறி ஓடினார்கள். மூன்றாம் தரம் நேசனும் உருண்டார். நானும் உருண்டேன் என்பதை என் மேலாளர் இதை வாசிக்க மாட்டார் என்ற துணிச்சலில் எழுதுகிறேன். அவ்வளவு சந்தோசமாக நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

செவ்வாய் விடிந்தது. மோஹா ஆரணியை எழுப்பிக்கொண்டு போய், மணலில் இரவு நடந்ததை எல்லாம் வாசித்துக் காட்டினார். தையல் போட்டதுபோல் இரண்டு வரிசைப் புள்ளி, அது வண்டு. இரண்டிரண்டாகத் தூரத் தூர விழுந்த அடையாளம். அது கங்காருபோலப் பின்காலில் துள்ளுகிற ஒரு சின்ன எலி. பூனையின் பாதத்தைவிடச் சிறிய பாதம். அது முயற்காது வைத்த பாலைவன நரி. அந்த நரியைக் கண்ணாலேயே கண்டோம். மேட்டின் விளிம்பில் நின்று, தலையைவிடப் பெரிய காதுகளைத் திருப்பி, எங்கள் கதையைக் கேட்டுவிட்டுப் போனது. மணலுக்குள் நீந்துகிற ஒரு பல்லியை மோஹா கையால் பிடித்து ஆரணியின் உள்ளங்கையில் வைத்தார். இதன் பெயர் மணல்மீன் என்றார். அது அவள் விரலிடுக்கால் வழுகி மணலில் மூழ்கிவிட்டது. கொப்பியில் இலக்கங்கள் ஏறின. காகம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். மோஹா முகத்தைச் சுளித்தார். நாங்கள் பார்க்க விரும்பாத பறவை அது, இங்கே வராது, கவலைப்படாதே என்று என்னைத் தேற்றினார்.

வீட்டிலிருந்து நான் ரைஸ் குக்கர் கொண்டு வந்திருந்தேன். பயணப் பெட்டியில் அதைக் கண்ட நாளிலிருந்து மயூரி என்னோடு முழுதாகப் பேசவில்லை. கூடாரத்தில் மின்சாரம் பின்னேரம்தான் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. கூடாரச் சமையல்காரரிடம் காஸ் அடுப்பைக் கேட்டு வாங்கி, சம்பா அரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய், மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் சமைத்தேன். கத்தரிக்காய் அவரிடமே இருந்தது, தேங்காய்ப்பால்தான் இல்லை. ஒட்டகப்பால் இருக்கிறது என்றார். மாமா பாவம் என்று நினைத்துப் பெட்டிப்பாலோடு முடித்துக்கொண்டேன். வேட்டிக்கு வழியில்லை. மோஹா தன்னுடைய நீண்ட வெள்ளை அங்கியை நேசனுக்குக் கொடுத்தார். அதைப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அவர் படையல் தட்டோடு மணல்மேட்டில் ஏறியபோது எனக்கு ஒரு புதுப் பயம் பிடித்தது.

"உங்களை மாமா மட்டுக்கட்டுவாரோ? ஆரோ அராபி எண்டு லொறியைத் திருப்பிக்கொண்டு போகப்போறார்."

"சோத்தை மட்டுக்கட்டுவார்" என்றார் நேசன். அந்த நாளில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

உச்சியில் தட்டை வைத்துவிட்டுக் கூப்பிட்டோம். "கா... கா..." ஒன்றுமில்லை. பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள். ஒட்டகக்காரர்கள் இருவர் கீழே நின்று பார்த்துவிட்டு, இது ஏதோ எங்கள் நாட்டுப் பாட்டு என்று நினைத்து மேலே ஏறிவந்து அவர்களும் கூப்பிட்டார்கள். ஆறு பேர் வானத்தைப் பார்த்துக் "கா" என்று கத்துகிறோம். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினால், நேற்று நேசனைச் சுமந்த ஒட்டகம் தட்டில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறது! பூசணிக்காய் முழுவதும் போய்விட்டது. நேசன் அதனுடைய கயிற்றைப் பிடித்து இழுக்க, அது மெல்லுவதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தது. மயூரி மணலில் விழுந்து சிரித்தாள். புதிதாகப் படைத்தோம். தலை மட்டும் வெள்ளையான ஒரு சின்னக் கறுப்புக் குருவி வந்து இரண்டு பருக்கை கொத்தியது. இது விருந்தாளி வரும் செய்தி கொண்டு வரும் பறவை, மிக நல்லது என்றார் மோஹா.

"அப்பா, இட்ஸ் பிளாக். போதும்தானே?" என்றாள் மயூரி.

"அது குருவி, பிள்ளை."

"தாத்தா மைட் பி சேஞ்சிங் கார்ஸ்" என்றாள் ஆரணி, வண்டி மாற்றிக்கொண்டு வருகிறாராம். லொறிக்காரரின் பேத்தி அல்லவா? நேசன் அவள் தலையைத் தடவினார். ஆனால் கை கழுவவில்லை, சாப்பிட வரவுமில்லை.

மத்தியானம் போயிற்று. சமையல்காரர் நேசனுக்குத் தேநீர் கொண்டு வந்தார், வேண்டாம் என்றார். சூப் கொண்டு வந்தார்; வேண்டாம். தன் சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று அந்த மனிதன் ஒரு கோழியை முழுதாகப் பொரித்துக் கொண்டு வந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திவசத்தன்று கோழி! நான் பாய்ந்து அதைத் திருப்பி அனுப்பினேன். அவர் போய் மோஹாவிடம் முறையிட்டிருக்க வேண்டும். மோஹா வந்து, நோன்பா என்று கேட்டார். ஓமென்று தலையாட்டினார் நேசன். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அதன்பிறகு அவர் முன்னால் ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சூரியன் இறங்கியதும் முதல் பேரீச்சம்பழம் என் கையால் என்று சமையல்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாராம்.

அங்கேதான் சிக்கல். சூரியன் இறங்கினால் காகம் கூட்டுக்குப் போய்விடும். எங்கள் நோன்பு சூரியனைப் பார்த்து முடிவதல்ல, காகத்தைப் பார்த்து முடிவது. நேசன் மணல்மேட்டில் தட்டுக்குப் பக்கத்தில் தனியே போய் இருந்துவிட்டார். வெள்ளை அங்கிக்குள் அவர் தோள்கள் ஒடுங்கியிருந்ததைப் பார்த்ததும், பார்க்கிங் மேலறை யன்னலில் இருந்த அந்தப் பொடியனை நான் முதன்முதலாகக் கண்டேன். என்னால் தாங்க முடியவில்லை. மோஹாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருடைய அப்பா செத்தபோது எல்லை தாண்ட முடியாமல் இருந்தார், முகம் பார்க்கவில்லை, வருடத்தில் ஒருநாள் அந்தப் பறவை வந்து சாப்பிட்டால்தான் அப்பா வந்ததாக அர்த்தம், நாளைப் பிழையாகப் பார்த்தது நான், அவர் என்னை ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லிக்கொண்டு போக எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதை நீ காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று மோஹா கோபித்தார். காகம் மணலில் ஏன் இருக்கப் போகிறது? மணலில் சாப்பாடு இல்லை. ஆட்டுக்காரர் இருக்கும் இடத்தில்தான் அது இருக்கும். ஏறுங்கள் ஜீப்பில் என்றார்.

மணல் முடிகிற இடத்தில் கறுத்தக் கல்லுவெளி ஒன்று தொடங்கியது. அங்கே ஒரு கறுப்புக் கம்பளிக் கூடாரம், ஒரு பெண், இருபது ஆடுகள். மோஹா அந்தப் பெண்ணிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் நேசனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடாரத்தின் பின்னால் இருந்த கற்குவியலைக் கையால் காட்டினார். சூரியன் மணலுக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் நின்றது. நேசன் தட்டைக் கொண்டுபோய் ஒரு தட்டைக் கல்லில் வைத்தார். நான் கூப்பிட்டேன். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஜீப்பின் கதவில் சாய்ந்து நின்ற மோஹாவும், தான் பார்க்க விரும்பாத அந்தப் பறவையை, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

அது வந்தது. கற்குவியலின் பின்னாலிருந்து எழும்பி, ஒருதரம் சுற்றிப் பார்த்து, தட்டிலிருந்து பத்தடி தள்ளி இறங்கியது. லண்டன் காகத்தைவிடப் பெரிது. கழுத்து சாம்பலுமில்லை, முழுக் கறுப்புமில்லை; அந்த மண்ணின் நிறம். அது நடந்து வந்தது, அவசரமே இல்லாமல், நீண்ட தூரம் வண்டி ஓட்டிவிட்டு இறங்கியவர் கால் நிமிர்த்துவதுபோல. தட்டைச் சுற்றி வந்து, பருப்பைப் பார்த்தது, சோற்றைப் பார்த்தது. பிறகு கத்தரிக்காயை எடுத்தது. நேராகக் கத்தரிக்காயை! சோற்றோடு சேர்த்து அலகு கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு, கிழக்கே எழும்பிப் பறந்தது. தாழ்ந்த ஒரு மலைத்தொடருக்கு மேலாகப் போய்ப் புள்ளியாகி மறைந்தது.

"அல்ஜீரியாவுக்குப் போய்விட்டான்" என்றார் மோஹா. அந்த மலைதான் எல்லை என்றார். பல வருடங்களாகப் பூட்டிய எல்லை. அவருடைய அக்கா கலியாணம் செய்து அந்தப் பக்கம் இருக்கிறார், இந்த இடத்திலிருந்து ஒருநாள் ஒட்டக நடைதான், ஆனால் போனில்தான் முகம் பார்ப்பது. முன்னமே தெரிந்திருந்தால் பறவையிடம் ஒரு சலாம் சொல்லி அனுப்பியிருப்பேன் என்று சிரித்தார். நான் இதைத் தமிழில் சொன்னதும் நேசன் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

"விசாவும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை. பார்த்தீரே போன போக்கை? மனுசன் இப்பவும் செக்பொயின்ரிலை நிக்கமாட்டார்."

ஆரணி கொப்பியைத் திறந்து பத்தாவது இலக்கத்தைப் போட்டாள். அதைத் தாத்தா என்று எழுதுவதா, காகம் என்று எழுதுவதா என்று கேட்டாள். அப்பாவும் மகளும் கலந்து பேசி இரண்டையும் எழுதினார்கள். அந்தப் பெண் கூடாரத்தின் முன்னால் ஒரு கம்பளத்தை விரித்தார். கொண்டுவந்த சட்டிகளை நான் இறக்கினேன்.

அப்போதுதான் நேசனின் போன் சத்தமிட்டது. காலையிலிருந்து சிக்னல் இல்லாமல் கிடந்த போனுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கக் கோபுரத்திலிருந்து உயிர் வந்திருந்தது. அல்ஜீரியாவுக்கு நல்வரவு என்று முதல் செய்தி. அடுத்தது பெரியண்ணையின் குரல்பதிவு: "தம்பி, காகம் வந்து சாப்பிட்டிட்டுது. பன்ரண்டு மணிக்கே வந்திட்டுது. உங்கையும் வந்ததோ?" மூன்றாவது மனோர் பார்க்கிலிருந்து டோரீன். எங்கள் வீட்டுப் பூஞ்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கள் ஷெட்டுக் கூரை, மழை, அதன்மேல் முழுக் கறுப்பாக அது. கீழே எழுதியிருந்தார்: "உங்கள் அப்பா வந்திருக்கிறார். வீட்டில் ஒருவரும் இல்லை என்று சத்தம் போடுகிறார். பாவம், ஒரு துண்டு டோஸ்ட் வெண்ணெய் பூசிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டார்."

திவசம் என்று டோரீனுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கே தெரிந்திருக்கவில்லையே. நேசன் அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சத்தமாகத் தமிழில் மூன்றாம் தரம் வாசித்தார். மோஹாவுக்கு மயூரி ஆங்கிலத்தில் சொல்ல, மோஹா அந்தப் பெண்ணுக்குச் சொல்ல, அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இஞ்சேரும்" என்றார் நேசன். "சாவகச்சேரியிலை சாப்பிட்டார். டோரீனிட்டையும் சாப்பிட்டார். இஞ்சை வந்து கத்தரிக்காயையும் கட்டிக்கொண்டு போட்டார். எனக்கு விடிஞ்சதிலையிருந்து பச்சைத்தண்ணியும் இல்லை. இனியாவது போடும்."

போட்டேன். சோற்றில் மணல் நறநறத்தது. பூசணிக்காயில் ஒட்டகம் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. அந்த வெள்ளை அங்கியோடு சப்பாணி கட்டி இருந்து அவர் வலக்கையால் குழைத்துச் சாப்பிட்டார். இடக்கையில் போன், போனில் மழையில் நனைகிற மனோர் பார்க் ஷெட்டுக் காகம். ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் தலையை நிமிர்த்தி, அந்த மலைக்கு மேலே, கிழக்கே ஒருதரம் பார்த்துக்கொண்டார்.